புதுப்பிப்பு: ஆனேக்கல் பண்ணையில் பன்றிகளின் குடற்புழு

பெங்களூருக்கு அடுத்த ஆனேக்கல்லில் திறந்தவெளியில் வளரும் எங்கள் பன்றிகளில், பால் மறந்த குட்டிகள் நன்றாகத் தின்றும் வயிறு மட்டும் பெருத்து, முதுகெலும்பு தெரிய இருமிக்கொண்டிருப்பதாக முன்பு எழுதியிருந்தேன். ஐவர்மெக்டின் என்ற புழுநீக்க ஊசி போதும் என்றே பலரும் சொன்னீர்கள். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சாணத்தைப் பரிசோதித்தபோது, உருண்டைப்புழு முட்டைகளோடு, இரு முனையிலும் மூடியிட்ட எலுமிச்சை வடிவச் சாட்டைப்புழு முட்டைகளும் தென்பட்டன. சாட்டைப்புழுவிடம் ஐவர்மெக்டின் அவ்வளவாக எடுபடாது என்பதால், ஃபென்பெண்டசோல் என்ற வேறொரு புழுநீக்க மருந்தைத் தீவனத்தில் கலந்து தொடர்ந்து சில நாள்கள் கொடுக்குமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இருமலுக்குக் காரணம், உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மீண்டும் குடலை அடைவதுதான். அண்மையில் அறுத்த பன்றியின் கல்லீரலில், அவை கடந்துபோன தடமாகிய வெண்புள்ளிகளைக் கண்ணாலேயே பார்த்தோம்.

மருந்தைவிடத் தரைதான் பெரிய தலைவலி. உருண்டைப்புழு முட்டைகள் ஈரமண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கும் மசியாது. ஆகவே சில வாரங்களுக்கொரு முறை பட்டி மாற்றுவதை நம்பாமல், பழைய நிலத்தைக் கேழ்வரகுக்கு விட்டுவிட்டோம். தாய்ப்பன்றிகளுக்கு ஈனுவதற்கு 10 முதல் 14 நாள்களுக்கு முன் மருந்து கொடுத்து, மடியையும் வயிற்றையும் சோப்பு நீரில் கழுவியே புதிய பட்டிக்குள் விடுகிறோம்.

இருமல் குறைந்திருக்கிறது. புதிதாகத் தொற்றும் புழு முட்டையிட 6 முதல் 8 வாரங்கள் ஆகும் என்பதால், மறுபரிசோதனையை அதன் பிறகே வைத்திருக்கிறோம்.