அப்பாவோட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: சேசிஸ் வேலைய வீட்லயே பண்ணலாமா?

மார்க்3_மகன்: வணக்கம். அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்குன ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு கார், பத்து வருஷமா செட்டுலயே நிக்குது. போன ஞாயித்துக்கிழமை கீழ படுத்து டார்ச் அடிச்சு பாத்தா சேசிஸ்ல, அதான் பாடிய தாங்குற அடிச்சட்டத்துல இருந்து ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிட்டு இருக்குமே அவுட்ரிக்கர், அது டிரைவர் பக்கம் சுத்தமா போச்சு, ஸ்க்ரூடிரைவர் வச்சு ஒரு குத்து குத்துனேன் பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, துரு செதில் செதிலா மூஞ்சில கொட்டுது. நடுவுல ஓடுற மெயின் சட்டம் ரெண்டும் தட்டுனா கணீர்னு இருக்கு. மச்சான்கிட்ட மிக் வெல்டிங் மெஷின் இருக்கு. பாடிய தூக்கிட்டு வீட்லயே பண்ணலாம்னு இருக்கேன், என்ன சொல்றீங்க?

பட்டறைக்காரன்: தம்பி வேணாம். நான் 30 வருஷமா டிங்கர் வேலை பாக்குறேன். பெயிண்ட் சரியில்லன்னா தேச்சுட்டு திரும்ப அடிச்சுக்கலாம், சேசிஸ் கோணிப்போனா வண்டி நேரா ஓடாது. வீட்ல வேலை பாத்த ஒரு ஹெரால்ட் எங்கிட்ட வந்துச்சு, ஒரு பக்கத்து அவுட்ரிக்கர் எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டியிருக்காங்க, ஃப்ளோர் தொங்கிப்போய் பின் கதவு சாத்தவே முடியல.

செட்டுல_ஹெரால்ட்: அண்ணே, அம்பாசடர், ஃபியட்டுக்கு நீங்க சொல்றது சரி, அதுல பாடியும் சேசிஸும் ஒண்ணு. ஹெரால்ட் பொறந்த கதையே வேற. இங்கிலாந்துல ஹெரால்ட் பண்ண ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி பண்ணிக் குடுத்துட்டு இருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனிய 1953ல அவங்களோட போட்டி கம்பெனி பிஎம்சி வாங்கிட்டாங்க, புது வண்டிக்கு முழு பாடி குடுக்க ஆள் இல்ல, அதனாலதான் துண்டு துண்டா பண்ணி தனி சேசிஸ் மேல போல்ட் போடுற மாதிரி டிசைன் பண்ணி 1959ல இறக்குனாங்க. நம்ம சென்னை பக்கம் வண்டலூர் ஃபேக்டரில பண்ணதும் அதே முறைதான். கழட்டுறதுக்குன்னே போல்ட் இருக்கற வண்டிய கழட்ட ஏன் பயப்படணும்? நான் என்னோடத ஆறு பேர வச்சு தூக்கி நாலு மரக்கட்டை மேல வச்சேன், ஒண்ணும் ஆகல.

பட்டறைக்காரன்: உங்களோடது ரெண்டு கதவா நாலு கதவா?

செட்டுல_ஹெரால்ட்: ரெண்டு கதவு.

பட்டறைக்காரன்: அதாம்பா விஷயம். நாலு கதவு ஹெரால்ட் இங்கிலாந்துல வரவே இல்ல, அது நம்ம ஊர்ல மட்டும் பண்ணது. அவங்க வீடியோவ பாத்துட்டு ஒரு கதவு வாசலுக்கு மட்டும் பாடி வளையாம இருக்க குறுக்க பைப் குடுத்து தூக்குனா நடு தூண் ஆடிடும். எங்கிட்ட கேட்டா பாடிய கழட்டவே வேணாம், எது எங்க உக்காரணும்னு காட்டுற அச்சே உனக்கு பாடிதான். ஒரு அவுட்ரிக்கர் கைய வெட்டு, புதுசு வை, அங்கங்க சின்ன பொட்டா வெல்ட் வச்சு அளவு பாத்து முழுசா வெல்ட் பண்ணு, அப்புறம்தான் அடுத்த கை.

செட்டுல_ஹெரால்ட்: பாடி மேல இருந்தா அவுட்ரிக்கரோட மேல் பக்கத்து ஜாயிண்ட்டுக்கு கை எப்படி போகும் அண்ணே? கீழயும் பக்கமும் மட்டும் வெல்ட் பண்ணிட்டு மேல விட்டுடுவாங்க, ரெண்டு மழைக்காலம் தாங்காது, தண்ணி அங்கதான் தேங்கும். இதுக்கு என்ன பதில்?

பட்டறைக்காரன்: அது நியாயமான கேள்வி. ஃப்ளோர் தகடும் அந்த இடத்துல போயிருந்தா அத வெட்டிட்டு மேல இருந்து வெல்ட் பண்ணலாம். ஃப்ளோர் நல்லா இருந்தா நீங்க சொல்றதுதான் சரி, ஒத்துக்குறேன்.

பழையஆர்சி: ஒண்ணு சேத்துக்கங்க. 50 வருஷம் தாண்டுன வண்டிக்கு விஏ சீரிஸ் நம்பர், அதாவது விண்டேஜ் வண்டிக்கான தனி பதிவு நம்பர் குடுக்கற ரூல் 2021ல வந்துச்சு, பதிவு ஃபீஸ் 20,000 ரூபா. அதுல சேசிஸ், பாடி, இஞ்சின்ல மாத்தம் பண்ணியிருக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்த நம்பருக்கு போற எண்ணம் இருந்தா கிரைண்டர தொடுறதுக்கு முன்னாடி ஆர்டிஓல கேட்டு எழுதி வாங்கிடுங்க, பழைய சேசிஸ ஒவ்வொரு அடியா போட்டோ எடுத்து வைங்க. சேசிஸ் நம்பர் பக்கம் கிரைண்டர் போகவே கூடாது.

செட்டுல_ஹெரால்ட்: அழுகுன இரும்ப எடுத்துட்டு அதே சைஸ், அதே இடத்துல வைக்கறது எப்படி மாத்தம் ஆகும்? அப்படி பாத்தா ஒரு வண்டியும் தேறாது.

பழையஆர்சி: எனக்கும் அதே எண்ணம்தான் சார், ஆனா முடிவு பண்றது நாம இல்லையே.

மார்க்3_மகன்: நன்றி எல்லாருக்கும். இன்னைக்கு காலைல பேட்டரி, பெட்ரோல் டேங்க் ரெண்டையும் கழட்டி வெளிய வச்சுட்டேன். நாலு ஸ்டாண்டு மேல வண்டிய நிறுத்தி, ரசமட்டம் வச்சு பாத்துட்டு, தூக்குக்குண்டு கட்டி சேசிஸ் போல்ட் ஒவ்வொண்ணுக்கும் நேர் கீழ தரையில சாக்பீஸ்ல புள்ளி வச்சேன். மூலைக்கு மூலை குறுக்க நூல் புடிச்சா ரெண்டு குறுக்களவுக்கும் 4 மில்லி வித்தியாசம் வருது. இது வண்டி எப்பவோ மோதி வாங்குன பழைய அடியா இல்ல நான் அளந்தது தப்பா?

பட்டறைக்காரன்: எந்த போல்ட்ல இருந்து எந்த போல்ட்டுக்கு எடுத்த? ஒடஞ்ச அவுட்ரிக்கர்ல இருக்கற போல்ட்ட கணக்குல சேக்காத, அது ஏற்கனவே எறங்கியிருக்கும். மெயின் சட்டத்துல முன்னாடி ரெண்டு, பின் சக்கரத்துக்கு நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல்கிட்ட ரெண்டு, அந்த நாலு மட்டும் திரும்ப அளந்து போடு தம்பி. அதுவரைக்கும் எதையும் வெட்டாத.