மறு: முக்கிளை நரம்பு ‘வலி’ – அது போதுமா?

> ‘முக்கிளை நரம்பு வலி’ என்றே இருக்கட்டும். இதில் இன்னும் யோசிக்க என்ன இருக்கிறது?

அண்ணே, டிரைஜெமினல் நியூரால்ஜியா (trigeminal neuralgia) என்ற முகவலி நோய்க்கு நம் சொற்பட்டியலில் வைக்கும் தமிழ்ப் பெயரில் ‘முக்கிளை நரம்பு’ சரிதான். கண்-நெற்றி, மேல்தாடை, கீழ்த்தாடை என்று மூன்றாகப் பிரிகிற ஐந்தாம் மூளை நரம்புக்கு அது போதும். இடிக்கிறது ‘வலி’தான். சர்க்கரைக்காரருக்குக் கால் எரிந்தாலும் நரம்பு வலி என்கிறோமே.

திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் என் பெரியம்மா ஜன்னலோரம் உட்கார மாட்டார். காற்று பட்டால் போதும், வலது கன்னத்தில் சுளீரென்று பாயும். பாதி வார்த்தையில் வாய் அப்படியே நின்றுவிடும். அரை நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து பேசுவார். பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. அப்புறம்தான் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது: மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு தமனி அந்த நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்த அழுத்த நரம்பின் மேலுறை தேய்கிறது. உறை உரிந்த ஒயர் மாதிரி, லேசாகத் தொட்டாலும் பொறி தட்டுகிறது.

முதலில் ‘வெட்டுவலி’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டிலேயே எதிர்ப்பு. எங்கள் பக்கம் ‘வெட்டு’ என்றால் வலிப்பு. போதாக்குறைக்கு, 1962இலிருந்து இதற்குக் கொடுக்கப்படும் கார்பமசெபின் வலிப்புக்கும் உள்ள மாத்திரை. மருந்துக்கடைப் பையன் அதைச் சொல்லப்போய், பெரியம்மா இரண்டு நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. ‘சுண்டுவலி’ நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கோயில் சுண்டல் ஞாபகம் வருகிறது.

என் ஓட்டு ‘தெறிவலி’க்கு. யாழின் தந்திக்கும் நரம்பு என்றுதானே பெயர். அதை விரலால் தெறித்துத்தான் வாசித்தார்கள். தலைவலி மண்டையைத் தெறிக்கிறது என்று இன்றைக்கும் சொல்கிறோம். 1756இல் நிக்கோலா ஆந்த்ரே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நோய்க்கு வைத்த ‘டிக் டூலூரு’ (வலியோடு வரும் இழுப்பு) என்ற பெயரும் முகம் வெடுக்கென்று இழுப்பதைப் பார்த்து வைத்ததுதான். ஆக, முழுப்பெயர் ‘முக்கிளை நரம்புத் தெறிவலி’, பேச்சுக்கு ‘முகத்தெறிவலி’.

---

> பேச்சுக்கு ‘முகத்தெறிவலி’

சரி தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாள் முழுக்க மந்தமாக வலிக்கிற முகவலி வேறு, ஸ்கேனில் ஒன்றும் அகப்படாது. அதில் தெறிப்பதற்கு எதுவும் இல்லை. அதற்கு ‘நீடித்த முகவலி’ என்று தனியாக ஒரு வரி சேர்த்துவிடு, இரண்டையும் ஒரே பதிவில் போட்டுக் குழப்ப வேண்டாம். பெரியம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது?