ஆர்கே3399 போர்டு: எஸ்டி கார்டுல புது இமேஜ் பூட் ஆகல, சீரியல்லயும் குப்பையா வருது

குட்டிபோர்டு:
வணக்கம் மக்களே, ராக்சிப் கம்பெனியோட ஆர்கே3399 சிப் வச்ச குட்டி கம்ப்யூட்டர் போர்டு என்கிட்ட இருக்கு, அதோட ஈஎம்எம்சில (போர்டுலயே இருக்கற ஸ்டோரேஜ்) ஒரு பழைய லினக்ஸ் இருக்கு, கார்டு சொருகாம விட்டா அது நல்லாவே ஓடுது, ஆனா புது இமேஜ் (முழு ஓஎஸ்ஸும் அடங்கின ஃபைல்) எழுதின எஸ்டி கார்ட சொருகி ஆன் பண்ணா சிவப்பு லைட் மட்டும்தான், ஹெச்டிஎம்ஐல ஒன்னுமே வரல. வேற கார்டு மாத்தியாச்சு, அடாப்டரும் மாத்தியாச்சு. சீரியல்ல (பூட் லாக் எழுத்தா வர்ற கம்பி வழி) ஸ்பீட 115200 வச்சுப் பாத்தா கட்டம் கட்டமா ஏதோ ஓடுது. என்ன பண்றது?

கம்பிக்காரன்:
ராக்சிப்ல அந்த ஸ்பீடு பெரும்பாலும் 1500000 ப்ரோ. ஆமா, பதினஞ்சு லட்சம், டைப்போ இல்ல.

குட்டிபோர்டு:
அதுலயும் குப்பைதான். என்கிட்ட இருக்கற யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் சிபி2102.

கம்பிக்காரன்:
அதான் பாருங்க, அது பத்து லட்சத்துக்கு மேல போகாது. சிஎச்340 இல்லன்னா எஃப்டி232 எடுங்க, 3.3 வோல்ட்ல வைங்க, விசிசி (பவர்) கம்பிய சொருகவே வேணாம், ஜிஎன்டி (கிரவுண்ட்), டிஎக்ஸ் (அனுப்ப), ஆர்எக்ஸ் (வாங்க) மூணு போதும்.

குட்டிபோர்டு:
சிஎச்340ல லாக் பளிச்னு வருது. யு-பூட் (கெர்னல ஏத்திவிடற லோடர்) 2017.09னு ஆரம்பிச்சு, கார்டுல இருந்து கெர்னல (லினக்ஸோட மையப் பகுதி) எடுத்துட்டு, "ஸ்டார்ட்டிங் கெர்னல்" போட்டு அப்படியே உக்காந்துருது. ஆனா இமேஜ்ல இருக்கற யு-பூட் இதவிட ரொம்ப புதுசாச்சே?

சும்மாபடிப்பவன்:
அப்போ ஓடுறது உங்க கார்டு யு-பூட்டே இல்ல. இந்த சிப்போட பூட்ரோம் (சிப்புக்குள்ளயே இருக்கற, ஆன் ஆனதும் ஓடற கோடு) லோடர தேடி முதல்ல எஸ்பிஐ (சின்ன ஃபிளாஷ் சிப்), அப்புறம் ஈஎம்எம்சி, கடைசியாதான் எஸ்டி கார்ட பாக்கும், ஈஎம்எம்சில பழைய லோடர் இருக்கறவரைக்கும் அதுதான் முந்திக்கும், அது புது கெர்னல இழுத்துட்டு வந்து பாதில விட்டுரும். ஆல்வின்னர் (இன்னொரு சிப் கம்பெனி) போர்டுல எஸ்டிதான் முதல்ல, அதனால அங்கருந்து வர்றவங்க எல்லாரும் இதுல ஒருதடவ மாட்டுவாங்க.

கார்டு இல்லாம பழைய லினக்ஸ்ல போய் ஈஎம்எம்சில இருக்கற லோடர அழிங்க. டிடி கமாண்ட்ல (டிஸ்க்ல நேரடியா எழுதறது) பிளாக் சைஸ் 512, சீக் 64, கவுண்ட் 8000, சைபரா எழுதினா போதும், பார்ட்டிஷன் டேபிள் 64வது பிளாக்குக்கு முன்னாடியே முடிஞ்சுரும். அதுக்கு முன்னாடி எல்எஸ்பிஎல்கே (டிஸ்க் லிஸ்ட் காட்டற கமாண்ட்) அடிச்சு எது ஈஎம்எம்சின்னு பாருங்க, பூட்0, பூட்1னு ரெண்டு குட்டி டிவைஸ் பக்கத்துல இருந்தா அதுதான். அப்புறம் பழைய லினக்ஸ் தானா பூட் ஆகாது, வேண்டிய ஃபைல இப்பவே காப்பி எடுத்துக்கோங்க.

குட்டிபோர்டு:
வந்துருச்சு தல! யு-பூட்டும் புதுசு, லாகின் வரைக்கும் போயிருச்சு. இதையே ஈஎம்எம்சில போட்டா மறுபடி இந்த வம்பு வருமா?

சும்மாபடிப்பவன்:
ரூட் பார்ட்டிஷன மட்டும் காப்பி பண்ணாதீங்க. 64வது பிளாக்ல முதல் கட்ட லோடர், 16384வது பிளாக்ல யு-பூட், ரெண்டும் சேர்ந்து போகணும், முழு இமேஜையும் எழுதிட்டா அதுவே பாத்துக்கும்.