பயாஸ் புதுப்பித்த பின் விண்டோஸ் தொடங்கவில்லை

கேள்வி:
வணக்கம். 12ஆம் தலைமுறை இன்டெல் செயலி உள்ள என் வீட்டுக் கணினியில் மதர்போர்டின் பயாஸை (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளை) புதிய பதிப்புக்கு மாற்றினேன். அது தடையின்றி முடிந்தது. ஆனால் இப்போது விண்டோஸ் சின்னம் தோன்றிய சில நொடிகளில் 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை வந்து, கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது. பயாஸ் திரையில் எஸ்எஸ்டி வட்டின் பெயர் தெரிகிறது. கோப்புகளை இழக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

பதில்:
உண்டு, தயவுசெய்து விண்டோஸை மறுபடி நிறுவிவிடாதீர்கள். பயாஸைப் புதுப்பிக்கும்போது அதிலுள்ள அமைப்புகள் பெரும்பாலும் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் தலைமுறைச் செயலிகளில் சேமிப்பு வட்டுகளை நிர்வகிக்கும் விஎம்டி என்றோர் அமைப்பு உண்டு. அது இயங்கும்போது எஸ்எஸ்டியை அதன் வழியாகவே அணுக முடியும் என்பதால், விஎம்டி இல்லாமல் நிறுவப்பட்ட விண்டோஸ், அதற்குரிய இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் இன்றித் தன் வட்டையே காணாமல் நின்றுவிடுகிறது. பயாஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குச் சென்று, விஎம்டி இயக்கத்தில் இருந்தால் அணைத்துவிட்டுச் சேமியுங்கள். முன்பே அணைந்திருந்தால், உங்கள் விண்டோஸ் விஎம்டியுடன் நிறுவப்பட்டதாக இருக்கலாம், இயக்கிப் பாருங்கள். பல வட்டுகளை ஒன்றுபோல் செயல்படும் ரெய்டாக இணைத்திருந்தால் மட்டும் எதையும் மாற்றும் முன் இங்கே தெரிவியுங்கள். இடையில், வட்டிலுள்ள தகவல்களைப் பூட்டிக் காக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைப்பேசியில் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. விஎம்டியை அணைத்ததும் சாவியைக் கேட்டுவிட்டு விண்டோஸ் திறந்தது. ஆனால் டிவைஸ் மேனேஜரில் 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்' என்பதன் மீது மஞ்சள் குறி இருக்கிறது.

மற்றொரு பதில்:
பெயரைப் பார்த்து மோடம் என்று எண்ண வேண்டாம். அதன் பிராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதியைத் திறந்து, ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல், பெரும்பாலும் மதர்போர்டிலேயே உள்ள மேனேஜ்மென்ட் எஞ்சின் என்ற நிர்வாகப் பகுதிதான். அதற்கான டிரைவரை மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். ஒரே மாடலுக்கு வெவ்வேறு ரிவிஷன்கள் இருக்கக்கூடும் என்பதால், போர்டின் மீது அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எல்லா டிரைவர்களையும் தானே தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பொருந்தாத டிரைவரை அவை ஏற்றிவிட்டால் பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். ரேமை அதன் உயர் வேகத்தில் இயக்கும் எக்ஸ்எம்பி அமைப்பும் அணைந்திருக்கக்கூடும், ஆகவே டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். அடுத்த முறை பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.