மறு: கோலினெஸ்டரேஸ் தடுப்பான், தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

சில பூச்சிக்கொல்லி நஞ்சுகளும் சில மருந்துகளும் அடங்கிய கோலினெஸ்டரேஸ் தடுப்பான் இனத்துக்கு முன் மடலில் வந்த ‘நரம்புமுடக்கி’ என்ற பெயர் எனக்கு ஒப்பவில்லை. கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே நடப்பது வேறு. நரம்பு தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது, நுனியில் அசிட்டைல்கோலின் என்ற செய்தி சொல்லும் வேதிப்பொருளை உதிர்க்கிறது, அது தசையின் ஏற்பியில் போய் ஒட்ட, தசை சுருங்குகிறது. கெடுவது அதற்கு அடுத்த கட்டம். வேலை முடிந்த அசிட்டைல்கோலினைக் கோலின் தனி, அசிட்டேட் தனி என்று கழற்றிப்போட கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அங்கேயே காத்திருக்கிறது, அதில் ஒரே ஒரு மூலக்கூறு நொடிக்குச் சுமார் 25,000 கழற்றிவிடும். நஞ்சு போய் அடைப்பது அந்த நொதியின் வாயை.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டிலும் ஆங்கிலம்தான், தமிழ் கொள்ளுப்பாட்டியோடு நின்றுபோனது. அதனால் ஒரு கலைச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பொருள் விழ வேண்டும், இல்லையென்றால் அவர்களுக்கு அது வெறும் ஓசை. 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் டெர்புஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சால் இறந்தார்களே, அந்த வாரம் வகுப்பில் வேறு பேச்சே இல்லை. ஒரு பெண் கேட்டாள்: “செய்தி நிற்காமல் வந்தால் தசை இன்னும் வேகமாகத்தானே வேலை செய்யும் டீச்சர், மூச்சு ஏன் நிற்குது?”

எல்லாரையும் கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார்கள். இறக்காமல், இப்போது மறுபடி தூக்குங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஒரு பையன் மட்டும் நுனிக்காலில் எழும்பிப் பார்த்தான். தசைக்கும் அதே கதிதான், முதலில் தாறுமாறாகத் துடிக்கும், பிறகு ஏற்பிகள் திறந்தபடியே கிடப்பதால் அதன் சோடியம் வாயில்கள் அடுத்த செய்திக்குத் தயாராக முடியாமல் தசை துவண்டுவிடும். மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதானே.

சரி, சொல்லுக்கு வருகிறேன். கோலினெஸ்டரேஸுக்கு மருத்துவர் ஐயா சொன்ன ‘கோலின்பகுநொதி’ அழகான வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. ஆனால் கோலின் பகுபடுவதில்லையே, அது முழுசாக வெளியே வந்து நரம்புக்குள் திரும்பிப் போகிறது. பகுபடுவது கோலினையும் அசிட்டேட்டையும் சேர்த்திருக்கும் எஸ்டர் பிணைப்பு. ஆகவே ‘கோலின்கழற்றி’ என்கிறேன். பட்டறைச் சாமான் பெயர் போல இருக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும், நொதியும் ஒரு சாமான்தான்.

அதை நிறுத்துவது ‘கோலின்கழற்றித் தடுப்பான்’. ‘முடக்கி’ என்பதைப் பொதுப்பெயராக வைக்க வேண்டாம், ஏனென்றால் தசை வலுவிழக்கும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளி தினமும் விழுங்கும் பைரிடோஸ்டிக்மினும் இதே இனம், மாத்திரை அட்டையில் முடக்கி என்று இருந்தால் யார் சாப்பிடுவார்கள்? அதற்காக மருந்துக்குத் தடுப்பான், நஞ்சுக்கு முடக்கி என்று பிரிப்பதும் சரிவராது. எலிக்கு வைக்க இங்கே தெருவில் திருட்டுத்தனமாக விற்கும் அல்டிகார்ப் கொடிய நஞ்சு, ஆனால் அது கார்பமேட் என்ற வகை, நொதியை விட்டுத் தானாகவே கழன்றுவிடும், அதற்குள் ஆள் பிழைத்திருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். (சனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘டூ ஸ்டெப்’. எலி ரெண்டடி வைத்ததும் விழுந்துவிடுமாம். நம்மைவிட நன்றாகவே சொல் ஆக்குகிறார்கள்.) டெர்புஃபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள் அப்படித் தானாக எளிதில் விடுவதில்லை. அவற்றுக்கு மட்டும் ‘முடக்கி’ என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒன்று. பாஸ்பேட் நொதியில் ஒட்டி நேரமானால் அதிலிருந்து ஒரு துண்டு உதிர்ந்து பிடி கெட்டியாகிவிடுகிறது, அதன் பிறகு பிராலிடாக்சைம் என்ற மாற்றுமருந்து கொடுத்தாலும் பெயர்க்க முடியாது. இன்னொரு மருந்தான அட்ரோபின் எச்சில், சளியை அடக்கும், துவண்ட தசையை அது எழுப்பாது. இந்தக் கெட்டியாதலுக்குக் கலைச்சொல் வரைவில் ‘மூப்படைதல்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கில ‘aging’-ஐ அப்படியே இறக்கியிருப்பது தெரிகிறது. சிமென்ட் மாதிரி ‘இறுகல்’ என்று வைத்தால் என்ன? மூப்படைதல் என்று போன வாரம் சொன்னேன், நொதிக்கு நரை வருமா டீச்சர் என்று கேட்டுவிட்டார்கள்.