வைத்தியசாலைத் தொற்று ஆராய்ச்சிக்குப் போகலாமோ? கொழும்பில இருக்கிறவை சொல்லுங்கோ

மழைக்கால இன்டேர்ன்:

எல்லாருக்கும் வணக்கம். இன்டேர்ன்ஷிப் முடிஞ்சு, அடுத்த நியமனம் வரும்வரைக்கும் வெள்ளவத்தையில வீட்டில இருக்கிறன். எம்.டி-க்கு (சிறப்பு மருத்துவர் படிப்புக்கு) எதை எடுக்கிறது எண்டு வீட்டில ஒரே இழுபறி. அப்பா சேர்ஜரி எண்டுறார். எனக்கு மெடிக்கல் மைக்ரோபயோலஜியில விருப்பம், அதிலயும் வைத்தியசாலைக்குள்ளேயே தொத்துற கிருமிகளைப் பற்றின ஆராய்ச்சி. சொன்ன உடன அம்மா கேட்டது: "அதில சனல் பண்ணலாமோ?" (பின்னேரத்தில தனியார் இடத்தில நோயாளி பாத்து உழைக்கிறதைச் சொல்லுறா.)

ஆசை வந்தது சேர்ஜிக்கல் வார்டில. ஒப்பரேஷன் செய்த சிலருக்கு ஒரே நேரத்தில காயம் சீழ் பிடிச்சுது. மைக்ரோபயோலஜி மெடம் வந்தா. அன்டிபயோட்டிக்கை மாத்தச் சொல்லுவா எண்டு நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டால், அவ நோயாளியின்ர குறிப்பு டிக்கெட்டைக்கூடத் திறக்கேல்லை. நேரே டிரெஸிங் ட்ரொலிக்குப் போய், லோஷன் போத்தலைத் தூக்கி, "இது எப்ப திறந்தது?" எண்டா. ஒருத்தருக்கும் தெரியேல்லை.

முழுநாளும் லாப்புக்குள்ளதான் இருக்கவேணுமோ? இலங்கையில இருந்துகொண்டு உருப்படியான ஆராய்ச்சி செய்யலாமோ, இல்லாட்டி வெளிநாடுதானோ?

பொரளைப் பக்கம்:

தங்கச்சி, முதல்ல அம்மாவுக்குப் பதில்: சனல் இல்லை. பின்னேரத்தில பிரைவேட் லாப் ஒண்டில ரிப்போர்ட் பாக்கலாம், அவ்வளவுதான். அப்பா சொல்லுற சேர்ஜன் உழைக்கிறதை இதில எதிர்பாத்து வராதேங்கோ.

அந்த மெடம் செய்ததுதான் இந்த வேலை. சூடோமோனாஸ், பேர்க்ஹோல்டேரியா மாதிரிக் கிருமிகள் கிருமிநாசினித் தண்ணிக்குள்ளேயே உயிர்வாழும். திறந்த திகதி எழுதாத போத்தல் எண்டால் எங்களுக்குக் கை துருதுருக்கும்.

லாப் இல்லாமல் இல்லை. காலமையில பிளட் கல்ச்சர் மெஷின், இரத்தப் போத்தலில கிருமி வளருது எண்டு கத்தும், அந்தப் போத்தலில இருந்து ஒரு துளி எடுத்து கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயம்) செய்து பாத்து, ஐ.சி.யு-வுக்கு போன் எடுப்பன். அந்த ஒரு போன் அழைப்பால மருந்து மாறும், சிலவேளை ஆள் தப்பும். ஆனா ஆராய்ச்சி எண்டு வந்தால் என்ர பெரிய கருவி மைக்ரஸ்கோப் இல்லை, ஒரு சீ.ஆர். கொப்பி. அடிமட்டத்தால கோடு போட்டது: கட்டில் இலக்கம், சென்ட்ரல் லைன் (பெரிய நாளத்துக்குள்ள போடுற குழாய்) இருக்கோ, யூரின் கதீற்றர் இருக்கோ, வென்டிலேற்றரோ. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில நிரப்பவேணும். ஞாயிறும், போயாவும், மழை வெள்ளமும் கணக்கில்லை.

ஏன் இந்தப் பாடு? "எங்கட ஐ.சி.யு-வில இந்த மாசம் லைன் தொற்று நாலு" எண்டு சொன்னால் அது ஓவரைச் சொல்லாமல் ஓட்டத்தை மட்டும் சொன்ன மாதிரி. லைன் போட்டிருந்த நாட்கள் எத்தனை எண்டு தெரிஞ்சால்தான் 1000 லைன் நாளுக்கு எத்தனை தொற்று எண்டு சொல்லலாம். கடும் நோயாளிகள் கூட வாற ஐ.சி.யு-வில லைனும் கூடத்தான் இருக்கும். பாவம், கணக்கில்லாட்டி அவையளுக்குத்தான் முதல் கெட்டபேர்.

இந்தக் கொப்பிக் கணக்கின்ர பலம் தெரியவேணுமெண்டால் அமெரிக்காவின்ர மிச்சிகன் மாநில ஆய்வைப் பாருங்கோ. பீட்டர் ப்ரொனோவோஸ்ற்றும் குழுவும் 2006-இல வெளியிட்டது. புது மருந்து ஒண்டும் இல்லை. லைன் போட முந்திக் கை கழுவு, நோயாளியை முழுக்க மூடு, குளோர்ஹெக்சிடின் பூசு, தொடையில போடாமல் பார், தேவை முடிஞ்ச லைனை எடு. இவ்வளவுதான். நூற்றுக்கு மேற்பட்ட ஐ.சி.யு-க்களில, 1000 லைன் நாளுக்கு 2.7 தொற்றாக இருந்த இடைநிலை அளவு (மீடியன்) மூண்டு மாசத்தில பூச்சியத்துக்கு வந்துது. அதில எனக்குப் பிடிச்ச பகுதி வேற: டொக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் நிப்பாட்டலாம் எண்டு அங்க அதிகாரம் குடுத்தவை. எங்கட ஊரில ஒரு நர்ஸ் கன்சல்டன்ட் சேரைப் பாத்து "சேர், கை கழுவேல்லை" எண்டு சொல்லுறதை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ. எங்கட ஆராய்ச்சியில பாதி அந்த இடத்திலதான் கிடக்கு.

கை கழுவுறதிலயும் ஒரு கள்ளம் இருக்கு. நான் பைலோட வார்ட் வாசலில நிண்டால் எல்லாரும் கழுவுவினம். நான் போன பிறகு? அதனால ஹாண்ட் ரப் எத்தனை லீற்றர் முடிஞ்சுது எண்டு ஸ்டோர்ஸ் கணக்கையும் பக்கத்தில வைச்சுப் பாப்பன். ரெண்டும் ஒத்துப்போகாட்டி நான் நம்புறது ஸ்டோர்ஸை. ஜெனீவாவில டிடியே பிட்டேயின்ர குழு 1994-இல 48 சதவீதமாக இருந்த கைச் சுத்தத்தை 1997-க்குள்ள 66-க்குக் கொண்டுவந்தது. தொற்று 16.9-இல இருந்து 9.9 சதவீதத்துக்கு இறங்கினது. 66 எண்டதை எங்கட ஆக்கள் பெயில் எண்டுவினம்.

இலங்கையில செய்யலாமோ எண்டு கேட்டீங்கள். பறங்கி நோயின்ர (yaws) கிருமியை 1905-இல கண்டது இங்க இருந்த கஸ்டெல்லானி. அவர் வேலை செய்த பக்டீரியா நிலையம் 1900-இல தொடங்கினது, இப்ப பொரளை எம்.ஆர்.ஐ. எண்ட மருத்துவ ஆராய்ச்சி நிலையம். வைத்தியசாலைத் தொற்றுக்கு எங்கட வார்டுகளை விட வேற களம் என்னத்துக்கு? உலக சுகாதார நிறுவனத்தின்ர 2022 அறிக்கைப்படி பணக்கார நாடுகளில 100 நோயாளிக்கு 7 பேருக்கு இந்தத் தொற்று, எங்களைப் போன்ற நாடுகளில 15. டெங்குக் காலத்தில ஒரு கட்டிலில ரெண்டு பேர், கீழ பாயில இன்னொருத்தர். கட்டிலுக்குக் கட்டில் இத்தனை அடி எண்டு எழுதின வழிகாட்டியை அந்த வார்டில விரிச்சு வைச்சால் சிரிப்பு வரும். அந்த நெருக்கடிக்குள்ள எது வேலை செய்யும் எண்டு நாங்கள்தான் கண்டுபிடிக்கவேணும், அதை ஜெனீவாவில கண்டுபிடிக்கேலாது.

கஷ்டமும் கேளுங்கோ. ஒரு இடத்தில என்ர கணக்கை மாதாந்தக் கூட்டத்தில காட்டவிடேல்லை, "பத்திரிகைக்குப் போனால்?" எண்டு. அடுத்த மாசம் வார்ட் பெயரை எடுத்துப்போட்டு A, B, C எண்டு போட்டுக் கொண்டுபோனன். தங்கட எழுத்து எது எண்டு எல்லாரும் இரகசியமா வந்து கேட்டவை!

வெளிநாட்டுப் பயிற்சி எம்.டி-க்குப் பிறகு எப்பிடியும் வரும், அதில ஜீனோம் சீக்குவென்சிங் (கிருமியின்ர மரபணுவை முழுக்க வாசிக்கிறது) பழகிக்கொண்டு வாங்கோ. 4ஆம் கட்டில் கிளெப்சியெல்லாவும் 9ஆம் கட்டில் கிளெப்சியெல்லாவும் ஒண்டுதானோ எண்டதை அன்டிபயோட்டிக் தட்டைப் பாத்து ஊகிக்கலாம், அடிச்சுச் சொல்ல அது காணாது.

கொட்டாஞ்சேனை சிஸ்டர்:

டொக்டர் சொன்னதெல்லாம் சரிதாங்க. ஆனா அந்தக் கொப்பிய நிரப்புறது யாருன்னு அவங்க எழுதல்லயே. நாங்கதான். இன்ஃபெக்ஷன் கன்ட்ரோல் நர்ஸா பல வருஷமா இருக்கேன். பேப்பர் வெளிவரும்போது "ஊழியர்களுக்கு நன்றி"ன்னு கடைசியில ஒரு வரி. தங்கச்சி, நீங்க ஆராய்ச்சிக்கு வந்தா எண்ணுற நர்ஸோட பேரையும் மேல போடுங்க.

இன்னொண்ணு, சிங்களம் நல்லாப் பேசப் பழகுங்க. டொக்டருங்ககிட்ட இங்கிலிஷ்ல சமாளிச்சிடலாம். ஆனா தனி அறையைத் துடைச்ச மொப்பை அப்படியே பொது வார்டுக்குக் கொண்டுவர்ற அம்மாகிட்ட, ஏன் கூடாதுன்னு கோபமில்லாம சொல்லத் தெரியணும். அசினெட்டோபாக்டர் காஞ்ச கட்டில் கம்பியிலயே வாரக்கணக்குல இருக்கும். அவங்க சரியாத் துடைச்சாத்தான் உங்க கிராப் இறங்கும். அவங்களுக்கு கையுறை ஒழுங்கா கிடைக்குதான்னு முதல்ல பாருங்க, அப்புறம் பாடம் எடுக்கலாம்.

லண்டன் வேண்டாம்:

லாப்பில சாம்பிள் பாக்கிற எம்.எல்.டி ஒருத்தனின்ர குரல். சாம்பிளை ஒழுங்கா எடுத்து அனுப்புங்கோ டொக்டர்மாரே. தோலில இருக்கிற ஸ்டெஃபைலோகொக்கஸ் ஒரு போத்தலில மட்டும் வளர்ந்தால், அது இரத்தத்தில இருந்ததோ ஊசி போட்ட கையில இருந்ததோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? ரெண்டு இடத்தில குத்தி ரெண்டு செற் எடுத்தால்தான் உங்கட ஆராய்ச்சியும் நிக்கும். கிருமி வளர்க்கிற ஆகார் தட்டுக்கே தட்டுப்பாடு வந்த காலத்தையும் பாத்தனாங்கள், குப்பைச் சாம்பிளுக்குத் தட்டை வீணாக்கினால் வயிறு எரியுது.

மழைக்கால இன்டேர்ன்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். "சனல் இல்லை" எண்ட இடத்தோட எழும்பிப் போயிட்டா. சிஸ்டர், நியமனம் கிடைச்ச இடத்தில நானும் ஒரு கொப்பி தொடங்கலாம் எண்டு நினைக்கிறன். ஒரு நோயாளிக்கு ரெண்டு சென்ட்ரல் லைன் இருந்தால் ரெண்டு எண்டோ போடுறது?

கொட்டாஞ்சேனை சிஸ்டர்:

ஒண்ணுதாங்க. ரெண்டு இருந்தாலும் அண்ணைக்கு ஒரு லைன் நாள். எங்க வார்டுல காலை ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது எண்ணுவோம், அப்பதான் ரெண்டு பேரும் கட்டில் பக்கத்துல நிப்பாங்க.

பொரளைப் பக்கம்:

தொடங்க முதல் நெறிமுறைக் குழுவிட்ட அனுமதி எடுங்கோ. வார்டுத் தேவைக்கு எண்ணுறது வேற, பேப்பராப் போடுறது வேற. பிறகு ஓடித்திரிய வேண்டிவரும். விண்ணப்பத்தை எழுதினால் இங்க போடுங்கோ, பாத்துத் திருத்தித் தாறன்.