கம்யூனிட்டி காலேஜிலிருந்து கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்: கணக்குப் பாடத்தைத் தள்ளிப் போடாதீர்கள்

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷக் கல்லூரி) படித்துவிட்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) டேவிஸ் வளாகத்துக்கு மாறி, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் சேர்ந்தவன் நான். இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது, பாடங்களை எடுக்கும் வரிசை.

முதல் செமஸ்டருக்குக் கவுன்சலர் போட்டுக்கொடுத்த அட்டவணையில் வரலாறு, பேச்சுப் பயிற்சி, ஓவியம் எல்லாம் இருந்தன. கணக்கு மட்டும் இல்லை. டியூட்டரிங் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்த சீனியர் ஒருவர், இரவில் கிடங்கு வேலை பார்த்துக்கொண்டே படித்தவர், அதைப் பார்த்ததும் தன் லேப்டாப்பில் அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்தார். நம் காலேஜ், போக வேண்டிய பல்கலைக்கழகம், மேஜர் (முதன்மைப் பாடம்) மூன்றையும் கொடுத்தால் பட்டியல் வரும். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக நம் காலேஜில் இருக்கும் பாடம். சில வரிகளில் வலப்பக்கம் 'ஈடான பாடம் இல்லை' என்று இருக்கும். அதைப் பக்கத்து காலேஜில் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். முதல் கால்குலஸ் முடித்தால்தான் மெக்கானிக்ஸ். அதையும் இரண்டாம் கால்குலஸையும் முடித்தால்தான் மின்சாரமும் காந்தவியலும். அதற்குப் பிறகுதான் சர்க்யூட்ஸ். ஆரம்பத்தில் ஒரு செமஸ்டர் நழுவினால், கடைசியில் இருக்கும் சர்க்யூட்ஸ் ஒரு வருஷம்கூடத் தள்ளிப்போகும். சின்ன காலேஜ்களில் அந்தப் பாடம் எல்லா செமஸ்டரிலும் நடக்காது. அன்றைக்கே ஓவியத்தை எடுத்துவிட்டுக் கால்குலஸைச் சேர்த்தேன். வேறு மேஜருக்கு அந்தப் பழைய அட்டவணை பொருந்தியிருக்கும். இன்ஜினியரிங்குக்குப் பொருந்தாது.

கட்டணம் பற்றி வீட்டில் கேட்பார்கள். கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர். பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்குத் தேவையான 60 செமஸ்டர் யூனிட்டுக்கு 2,760 டாலர்தான். புத்தகச் செலவு தனி. மாநிலத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகாதவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு.

இப்படி மாறி வருபவர்களுக்கு யூசி வளாகங்கள் தரும் 'டாக்' (TAG) என்னும் உத்தரவாத இடத்துக்குச் செப்டம்பரில் விண்ணப்பிக்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள்தான் அதைத் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. சான்டா பார்பரா பட்டியலில் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், அங்கே இன்ஜினியரிங் கல்லூரிக்கு இது கிடையாது. எந்த வளாகமானாலும் உங்கள் மேஜருக்கு உண்டா என்று அந்தந்த வருஷப் பட்டியலில் பாருங்கள்.

டேவிஸில் குவார்ட்டர் முறை, பாடம் பத்தே வாரம். செமஸ்டருக்குப் பழகியவர்களுக்கு மிட்டெர்ம் (இடைத்தேர்வு) சட்டென்று வந்து நிற்கும். என்னோடு மாறி வந்தவர்களில் சர்க்யூட்ஸ் முடிக்காதவர்கள் அதை இங்கே எடுத்து முடிக்கும்வரை எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போக முடியவில்லை. பட்டம் வாங்குவதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போனது. கம்யூனிட்டி காலேஜில் இந்த ஃபால் செமஸ்டரில் சேருகிறவர்கள் அட்டவணையை உறுதி செய்வதற்கு முன்பே அசிஸ்ட் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கவுன்சலரைப் பாருங்கள்.